பாவசங்கீர்த்தனம் அல்ல

குருமடம்,
பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் சுகம். உன் காய்ச்சல் விட்டதா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

குருப்பட்டத்துக்கு முந்தைய திருத்தொண்டர் பட்டம் ஆகிவிட்டது. ஆறு பேரும் பீடத்துக்கு முன்னால் முகங்குப்புறப் படுத்துக் கிடந்தோம். மன்றாட்டுமாலை முடிகிற வழியாக இல்லை. அந்த நேரத்தில் கடவுளை மட்டும் நினைக்க வேண்டும் என்று ஆன்ம குரு சொல்லியிருந்தார். நான் உன்னைத்தான் நினைத்தேன். அம்மா போனதும் நீ பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்ததை நினைத்தேன். பக்கத்தில் கிடந்த சுருதி, "தும்மல் வருதுடா" என்று முனகினான். (பாட்டில் சுருதி சேராதவன், அதனால் அந்தப் பெயர்.) அந்தப் பக்கத்திலிருந்து லாரி, "முழுங்கு" என்றார். லாரி எங்களில் மூத்தவர். இங்கே வருமுன் பல வருஷம் சரக்கு லாரி ஓட்டியவர். என்னைப் பேனா என்று கூப்பிடுகிறார்கள். யாருக்கு எழுதித் தேய்க்கிறேன் என்று உனக்கே தெரியும்.

ஒரே ஒரு குறை. புது அங்கியை வீட்டார்தான் ஏந்திவந்து கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அவரவர் அம்மா. எனக்கு நீ என்றிருந்தேன். நீ தைத்த அங்கியாயிற்றே. அத்தான் தனியாக வந்து நின்றார். "உங்க அக்காவுக்கு நெருப்பாக் காயுது, எந்திரிக்கவே முடியல" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சு தூக்கியது, தண்ணீர் ஊற்றியது எல்லாம் அவர்தான். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் என்று தெரிந்ததும் லாரி அவரைப் பிடித்துக்கொண்டு வண்டிக் கதை பேச ஆரம்பித்துவிட்டார். குருமட அதிபர் தந்தைகூட, "இப்படி ஒரு மனுஷன் வீட்டுக்கு ஒருத்தர் வேணும்" என்றார்.

கஞ்சி குடித்து ஓய்வெடு. அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி


மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் உடம்பையும் படிப்பையும் ஆண்டவர் காக்கட்டும்.

நான் வராதது உனக்கு எவ்வளவு வருத்தம் என்று எனக்குத் தெரியும். கடைவாய்ப் பல் வீங்கி முகம் ஒரு பக்கமாக ஏறிவிட்டது. அந்த முகத்தோடு வந்து உன் படங்களில் நிற்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. அன்று காலை மிஷினில் ஒரு பள்ளிச் சீருடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது படுத்திருப்பான், இப்போது எழுந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே காலர் இரண்டையும் தலைகீழாகத் தைத்துவிட்டேன். தையல் கடை முதலாளியம்மா பார்த்துவிட்டுத் தானே பிரித்தார்.

அத்தானின் ஸ்கூலுக்குப் புது வண்டி வந்திருக்கிறது. உன் கடிதம் வந்தால் அவர்தான் முதலில் பிரித்து வாசிக்கிறார். உன் எழுத்து நடை அவருக்குப் பிடிக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். இனி உன்னிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா? செய்தால் நீ அதை யாரிடமும் சொல்லக் கூடாது, அப்படித்தானே? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா


குருமடம்,
மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பல் வலி குறைந்ததா? கிராம்பு வைத்துக் கடி.

திருத்தொண்டரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணம் மந்திரிக்கலாம், செத்தவரை அடக்கம் செய்யலாம். பாவம் கேட்கக் குருப்பட்டம் வேண்டும், அது ஆகஸ்டில்தான். "நம்மகிட்ட லைசென்ஸ் இருக்கு, ஹெவி இல்ல" என்கிறார் லாரி. அதுவரை உன் பாவங்களைச் சேர்த்து வை. உன்னிடம் என்ன பாவம் இருக்கப்போகிறது, காலரைத் தலைகீழாகத் தைத்ததைத் தவிர?

சனி, ஞாயிறு ஊழியம் செய்ய எனக்கு ஒரு பங்குக் கோவில் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் போய்வருகிறேன். பங்குத் தந்தை புதுக் கோவில் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பேச்சில் பாதி சிமெண்டு. அதனால் கல்யாணம் கட்டப்போகிற ஜோடிகளுக்கான வகுப்பை என் தலையில் போட்டுவிட்டார். எட்டு ஜோடி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சுருதி தன் அப்பா அம்மா சண்டையை நடித்துக் காட்டி, "இதைச் சொல்லு, போதும்" என்கிறான்.

எனக்குத் தெரிந்த நல்ல குடும்பம் ஒன்றுதான். அதில் நீ இருக்கிறாய். ஒரு புது ஜோடிக்கு நீ என்ன சொல்வாய்? எழுது. உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

அத்தானுக்கு அன்பு. இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உன் தம்பி


தையல் கடையிலிருந்து,
ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

வேலைக்கு நடுவில் எழுதுகிறேன். நான் சொல்வது நமக்குள் இருக்கட்டும். பதிலில் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

பெண்ணிடம் சொல், பள்ளிச் சான்றிதழையும் கல்யாணச் சான்றிதழையும் வீட்டில் வைக்காதே என்று. நம்பிக்கையான வேறு ஓர் இடத்தில் இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்த சிநேகிதி ஒருத்தியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிட வேண்டாம். அவள் பேசுவது பிடிக்கவில்லை, அவள் சரியில்லை என்று யார் சொன்னாலும் விட வேண்டாம். கையில் ஒரு வேலை இருக்கட்டும். வீட்டுச் சாவி ஒன்று அவளிடமே இருக்கட்டும்.

மாப்பிள்ளைகளிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர்கள் வகுப்பில் நன்றாகத்தான் பதில் சொல்வார்கள்.

நீ ஒன்று செய். வகுப்பில் ஏதாவது வேடிக்கையாகச் சொல். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு முன்னால் எந்தப் பெண் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கவனி. அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று கேள்.

மணி அடித்துவிட்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


குருமடம்,
மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் புத்திமதி பிரமாதம். சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சான்றிதழை ஒளித்து வை, சாவியைக் கையில் வை என்றதும் ஒரே சிரிப்பு. "இது கல்யாண வகுப்பா, ஜெயிலிலிருந்து தப்பிக்கிற வகுப்பா?" என்றான் சுருதி. லாரி மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"பேனா, உன் அக்கா நல்லா இருக்காங்களா?"

"ஏன், எங்க அத்தானைத்தான் பார்த்தீங்களே. தங்கம்."

"நான் தங்கத்தைப் பத்திக் கேக்கல. அன்னிக்கு அவர் காய்ச்சல்னார். அப்புறம் நீ பல்வலின்னு சொன்ன."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டும் வரக் கூடாதா? பல் வீங்கினால் காய்ச்சல் வராதா? லாரி ஓட்டியவருக்கு எல்லா வண்டியும் பிரேக் போன வண்டியாகத்தான் தெரியும் போல.

இப்போது நிஜமாகவே ஒரு யோசனை வேண்டும். எங்கள் பங்கில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். போன ஞாயிறு அவர் மனைவி, பூசை உடை மாற்றும் அறைக்கு வந்து, "பாவசங்கீர்த்தனம் பண்ணணும் பிரதர்" என்றார். எனக்கு அதிகாரம் இல்லை, பங்குத் தந்தையிடம் போங்கள் என்றேன். "அவரும் என் வீட்டுக்காரரும் நல்ல சிநேகம். நீங்க சும்மா கேளுங்க, போதும்" என்றார். நின்றபடியே சொன்னார். கணவர் அடிக்கிறாராம். வெளியில் தெரியாத இடத்தில். "அப்புறம் மருந்தும் அவரே போட்டுவிடுவார். சொந்தக் கடைதானே, யாருக்கும் தெரிய வேண்டியதில்லை." அழவில்லை, அக்கா. விலாவைக் கையால் பிடித்துக்கொண்டே பேசினார். தங்கை வீட்டுக்குப் போய்விடலாமா, போனால் பாவமா என்று கேட்டார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பங்குத் தந்தையிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், ஜெபம் பண்ணச் சொல்லு" என்றார். நீ என்ன சொல்கிறாய்? உடனே எழுது. அந்த அம்மா காத்திருக்கிறார்.

அத்தானுக்கு அன்பு.

உன் தம்பி


மே 15

அன்பு மைத்துனருக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறாள். பேனா பிடிக்க முடியவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, சமையல்கூட நானே செய்கிறேன், சகித்துக்கொண்டு சாப்பிடுகிறாள். உங்கள் கடிதத்தை அவளை எதிரில் உட்காரவைத்து முழுக்க வாசித்துக் காட்டினேன். அவள் உங்களுக்கு எழுதிய புத்திமதிகளையும் அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். நன்றாகச் சிரித்தேன்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நான் படித்தவன் அல்ல. ஆனால் தினமும் புதுப்புது ஆட்களோடு வண்டியில் உட்காருகிறவன். ஸ்டியரிங் கற்றுக்கொள்கிறவர் கையில். ஆனால் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அது இருப்பதால்தான் வண்டி வீடு வந்து சேருகிறது. வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோகிற பெண்ணை ஊக்கப்படுத்தினால் அந்தக் குடும்பம் பள்ளத்தில்தான் இறங்கும். நீங்கள் அந்தக் கணவரைத் தனியாகக் கூப்பிடுங்கள். அவர் மனைவி சொன்னது அத்தனையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆம்பளை முகத்துக்கு நேரே சொன்னால் உருகிவிடுவான். பிறகு இருவர் கையையும் சேர்த்து வைத்து ஒரு ஜெபம் சொல்லுங்கள். முடிந்தது.

உங்கள் அக்காவும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

லாரி நண்பருக்கு என் வணக்கம். உங்கள் அக்கா மிகவும் நன்றாக இருக்கிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அன்பு அத்தான்


குருமடம்,
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சுகம். அக்கா, கட்டுப் பிரிக்கிற வரை பாரம் எதையும் தூக்காதே.

அத்தான், நீங்கள் சொன்னபடியே நடந்தது. மருந்துக்கடைக்காரரைப் பூசை முடிந்ததும் நிறுத்திவைத்துச் சொன்னேன். முதலில் அவர் முகம் மாறியது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "கோவக்காரன் சாமி நான். எனக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை" என்றார். மனைவியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் வந்து என்னைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார், அப்படியே வாசலில் நின்றுவிட்டார். சந்தோஷத்தில் வாயடைத்துப்போனது என்று நினைக்கிறேன். இருவர் கையையும் சேர்த்து வைத்து ஜெபித்தேன். என் பட்டத்துக்குப் பிறகு இப்படி ஒரு நிறைவு எனக்கு வந்ததில்லை. இருவரும் ஒன்றாக நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

லாரியிடம்தான் சண்டையாகிவிட்டது. "யார்டா உனக்கு இந்த யோசனை சொன்னது?" என்றார். அத்தான் என்றேன். "அந்த அம்மாவைப் போய்ப் பாரு. இன்னிக்கே போ" என்றார். வார நாளில் வெளியே போக அனுமதி இல்லை என்று அவருக்குத் தெரியாதா? அன்றிலிருந்து ஜெபத்தில் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

எட்டாம் தேதியிலிருந்து ஆண்டுத் தியானம். முழு மௌனம்; கடிதம், போன் எதுவும் கையில் தர மாட்டார்கள். முடிந்ததும் எழுதுகிறேன். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி


தையல் கடை,
ஜூன் 10

தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை.

நீ அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியதற்கு நான் பதில் சொல்லவில்லை. என்னைச் சொல்ல விடவில்லை. அத்தான் சொன்னபடி செய்ததாக நீ எழுதிய கடிதம் இன்றுதான் என் கண்ணில் பட்டது.

அவளைப் போய்க் கூட்டிக்கொண்டு வா. தங்கை வீட்டில் விடு. ஜெபம் வேண்டாம், பேச்சு வேண்டாம். லாரியையும் உன்னோடு அழைத்துப் போ. இதைப் பார்த்தவுடனே போ.

வீட்டு முகவரிக்கு எழுதாதே. கடைக்கு எழுது.

அக்கா


குருமடம்,
ஜூன் 27

அக்கா,

நேற்று தியானம் முடிந்தது. மத்தியானம் அலுவலகத்தில் கடிதங்களைக் கொடுத்தார்கள். உன் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே பங்கிலிருந்து போன் வந்துவிட்டது. ஒரு சாவு, பங்குத் தந்தை வெளியூர், நீ வந்து அடக்கம் செய் என்றார்கள். யார் என்று கேட்டேன். மருந்துக்கடைக்காரர் மனைவி என்றார்கள். மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டார் என்றார்கள்.

லாரி என்னோடு பஸ் ஏறினார். உன் கடிதத்தைப் பஸ்ஸில்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் வாசித்து, மடித்து, என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

பெட்டி முன்னறையில் இருந்தது. கழுத்துவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். முகத்தில் அடையாய்ப் பவுடர். கணவர் எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சாமி, நீங்க சேத்து வச்ச கை இது. கடைசி வரைக்கும் நான் விடல" என்றார். சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள். அந்தக் கை சூடாக இருந்தது, அக்கா. என் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஏன் இழுத்துக்கொள்ளவில்லை என்று தெரியவில்லை.

கல்லறையில் பாடகர் குழு பாடியது. கணவர்தான் எடுத்துக் கொடுத்தார். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. புத்தகத்தில் இருந்ததையெல்லாம் நான் வாசித்தேன். தீர்த்தம் தெளித்தேன். லாரி தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் செய்த முதல் அடக்கம் இது. வாசலில் நின்று அந்த அம்மா என்னைப் பார்த்தது சந்தோஷத்தால் இல்லை. இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நான்தான் அவரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பும்போது லாரி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "இப்பவாவது உன் அக்காகிட்ட கேளு."

கேட்கிறேன். என் பட்டத்தன்று உனக்குக் காய்ச்சலா, பல்வலியா?

தம்பி


தையல் கடை,
ஜூலை 19

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காய்ச்சலும் இல்லை, பல்வலியும் இல்லை. முந்தைய நாள் உன் அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு வைக்கத் தாமதமாகிவிட்டது. அவ்வளவுதான் காரணம். அதைவிடச் சின்னக் காரணங்களும் உண்டு. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே இப்படித்தான். மணிக்கட்டு குளியலறையில் ஒடியவில்லை. நான் உனக்கு எழுதியதை நீ அப்படியே திருப்பி எழுதியிருந்தாய். எழுதாதே என்று சொல்லியிருந்தேன். அவர் வாசித்துக் காட்டினார். ஒரு வரி வாசிப்பார், நிறுத்துவார், "சாவி எங்க வச்சிருக்க?" என்பார். அடுத்த வரி வாசிப்பார். பிறகு பேனாவை எடுத்து உனக்குப் பதில் எழுதினார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று பயந்தேன். இந்த வருஷம் முடியட்டும், அந்தப் பட்டம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பாவசங்கீர்த்தனம் கேட்பாயா என்று எழுதினேன் அல்லவா? உன்னிடம் சொன்னால் நீ வெளியே சொல்ல முடியாது, ஓடியும் வர முடியாது என்று ஒரு கணக்குப் போட்டேன். பைத்தியக்காரக் கணக்கு.

இடது கையால் உனக்கு எழுதிய அன்று கடைப் போனிலிருந்து உங்கள் குருமடத்துக்குக் கூப்பிட்டேன். மௌனத் தியானம், வீட்டில் சாவு என்றால்தான் கூப்பிடுவோம் என்றார்கள். "சாவாம்மா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆமாம் என்று ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவள் முகம்கூட எனக்குத் தெரியாது.

உன் கடிதம் கடைக்கு வந்த அன்று நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. துணி வைக்கிற மாடி அறையை முதலாளியம்மா ஒழித்துக் கொடுத்தார். சான்றிதழ்கள் முன்பே இங்கேதான் இருந்தன.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். நீ என்னிடம் கேட்டாய், அவர் சொன்னதைச் செய்தாய். எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் அப்படித்தான். அக்கா சுகமா என்று அவரிடம்தான் கேட்பார்கள்.

அந்தப் பெண் சொன்னது இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை என்ன செய்யப்போகிறாய்?

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? விரல் மடக்க வருகிறதா?

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. உன் கடிதம் வந்ததும் போலீஸுக்குப் போவது என்று முடிவு செய்தேன். பங்குத் தந்தையிடம் போய்ச் சொன்னேன். "பாவசங்கீர்த்தன ரகசியம். வாயைத் திறந்தா நீ குருவாவே ஆக முடியாது" என்றார். பயந்து திரும்பிவிட்டேன். லாரிதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "அந்த அம்மா பாவசங்கீர்த்தனம் கேட்டப்ப நீ என்ன சொன்ன?" அதிகாரம் இல்லை என்று சொன்னேன். "அப்ப அது பாவசங்கீர்த்தனம் இல்ல. ஒரு பொம்பளை உதவி கேட்டிருக்கா, அவ்வளவுதான். எந்த முத்திரையும் உன் வாயில இல்ல."

போலீஸுக்குப் போனேன். லாரியும் வந்தார். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. விழுந்ததை நீங்க பார்த்தீங்களா?" இல்லை. "அடிச்சதைப் பார்த்தீங்களா?" இல்லை. "அப்ப அவங்களைச் சேர்த்து வச்சு அனுப்பினது யாரு?" நான் என்றேன். அவர் பேனாவை மூடினார். அந்த அம்மாவின் தங்கையும் வந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். குழியைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறார். நடக்குமா என்று தெரியவில்லை. மருந்துக்கடை திறந்திருக்கிறது. ஞாயிறு பூசையில் அவர்தான் பாடுகிறார்.

அதிபர் தந்தை என்னைக் கூப்பிட்டு, பட்டத்தைத் தள்ளிவைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு வருஷம் வெளியே இருந்து யோசி என்றார். வருஷம் கழித்து என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன வாரம் ஐந்து பேருக்குக் குருப்பட்டம். நான் பின்வரிசையில் நின்றேன். சுருதி கூட்டத்தில் என்னைத் தேடித் தேடிப் பார்த்தான், கிட்டே வரவில்லை. பட்டம் முடிந்ததும் லாரி நேராகச் சமையல்கட்டுக்குப் பின்னால் வந்தார். புது உடையைக்கூடக் கழற்றவில்லை. "வா" என்றார். அங்கேயே, விறகுக்குப் பக்கத்தில், முழங்காலில் நின்றேன். அவர் கேட்ட முதல் பாவசங்கீர்த்தனம் என்னுடையது. அவரால் மன்னிப்பு மந்திரத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. மன்னிப்பு கிடைத்தது. சுமை அப்படியேதான் இருக்கிறது.

உன்னிடம் வரலாமா? நீ வேண்டாம் என்றால் வரவில்லை. நான் வருவது பங்கு வேலையாகவோ, புத்திமதி சொல்லவோ அல்ல.

உன் தம்பி


செப்டம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

நலம் என்று எழுதும் அளவுக்கு இல்லை, பரவாயில்லை. கட்டைவிரல் மட்டும் முழுதாக மடங்க மாட்டேன் என்கிறது. ஊசியில் நூல் கோர்ப்பதை முதலாளியம்மா செய்துகொடுக்கிறார், மற்றதை நான் தைத்துவிடுகிறேன்.

அத்தான் இரண்டு தடவை கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பழங்கள் வாங்கிவந்து மேசையில் வைத்தார், வாடிக்கைக்காரர்களிடம் எனக்கு மனநிலை சரியில்லை என்று பொறுமையாக விளக்கினார். முதலாளியம்மா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே பேசி அனுப்பினார். இப்போது உள்ளே வருவதில்லை. வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்களை இந்தத் தெருவுக்குக் கூட்டிவருகிறார். வண்டி என் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கும், கிளம்பும், திரும்பி வந்து நிற்கும். அவர் மேலே பார்ப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு மெதுவாக ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்.

உன்மேல் இருந்த கோபம் போகவில்லை. போகும்வரை காத்திருந்தால் நாம் பார்த்துக்கொள்ளவே முடியாது. வா. ஒரு பாய் போட இடம் இருக்கிறது. இறந்துபோனவளுடைய தங்கையின் முகவரி தெரிந்தால் எழுதிக்கொண்டு வா; அந்தப் பெண்ணுக்கு நான் எழுத வேண்டும்.

வரும்போது கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கி வா. உள்பக்கம் போடுவது. கனமானதாகப் பார்த்து வாங்கு.

அக்கா